வெற்று வானச் சான்றிதழ்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, மனித குல வரலாற்றிலேயே முதன்முறையாக, ஒரு நட்சத்திரம் பிறந்த செய்தி மணியடித்து அறிவிக்கப்பட்டது. அறிவிப்பைக் கேட்ட விஞ்ஞானிகள் அனைவரும், கட்டடம் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து வாகன நிறுத்துமிடத்துக்கு ஓடினார்கள்.

ஓட்டத்திலும் ஓர் ஒழுங்கு இருந்தது. இருண்ட மேகங்கள் ஆய்வு நிறுவனம் ஒழுங்குக்குப் பேர் போனது. இயக்குநர் முதலில் இறங்கினார். அவருக்குப் பின்னால் துணை இயக்குநர், அவருக்குப் பின்னால் மற்றவர்கள், பதவி வரிசைப்படி. அவசரத்தில் துணை இயக்குநரை முந்திவிட்ட ஓர் எழுத்தர், பாதிப் படிக்கட்டில் தன் தவற்றை உணர்ந்து, இரண்டு படி மேலே ஏறிச் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார். உயிர் பெரிதா, பணி மூப்பு பெரிதா என்ற கேள்விக்கு அந்த நிறுவனத்தில் என்றுமே குழப்பம் இருந்ததில்லை.

காவலாளி மட்டும் எல்லோருக்கும் எதிர்த் திசையில், மணல் வாளியோடு மாடிக்கு ஓடினார். அறை அறையாகத் தேடியும் நெருப்பு அகப்படவில்லை. கொண்டுபோன மணலை அப்படியே திருப்பி எடுத்து வந்தால் வேலையில் அலட்சியம் என்று ஆகிவிடுமே! வராந்தாப் பூந்தொட்டி ஒன்றில் கடமையுணர்வோடு கொட்டினார். பிறகு மூன்றாவது மாடியின் மூலை அறைக்குள் எட்டிப் பார்த்தார். அங்கே ஒரே ஒரு பெண், கணிப்பொறித் திரையின் முன்னால், வாயைக் கையால் பொத்தியபடி உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், தீ எங்கே?"

"தீ இல்லைண்ணே. நட்சத்திரம்."

"எந்த ரூம்ல?"

"ரொம்ப ரொம்ப தூரத்துல."

"அங்க பிடிச்சதுக்கு இங்க ஏன் மேடம் மணி அடிக்குது?"

நியாயமான கேள்விதான். அவள் அந்த மணியை அடிக்க வைத்திருந்தாளே தவிர, அடிக்கும் என்று நினைத்திருக்கவில்லை.

அவளுடைய பதவியின் பெயர் கழித்தல் உதவியாளர். பதவிக்கு முன்னால் "தற்காலிக" என்ற சொல் நான்கு ஆண்டுகளாக நிரந்தரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. நாள் முழுக்கக் கழித்தல் கணக்கே போடுவதால் அலுவலகத்தில் அவளை எல்லோரும் "மைனஸ்" என்பார்கள். மரியாதை தெரிந்தவர்கள் "மைனஸ் மேடம்" என்பார்கள்.

அந்த மணியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பித்தளை மணி, பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு. பதினான்கு மாதங்களுக்கு முன்பு இயக்குநர் ஆசைப்பட்டு வாங்கி, ரிப்பன் வெட்டி மாட்டியது. சுத்தம் செய்யப்பட்ட வானப் படத்தில் புதிதாக ஒரு பிரகாசப் புள்ளி தென்பட்டால் கணிப்பொறி அதைத் தானாக அடிக்கும். அதாவது, நட்சத்திரம் பிறந்தால் ஊருக்குச் சொல்லும். வாங்கிய நாளிலிருந்து அது துடைக்கப்பட்டதே தவிர ஒருமுறைகூட அடித்ததில்லை. அதன் குரல் எப்படி இருக்கும் என்று அதை வாங்கியவர்களுக்கே தெரியாது.

இந்த நிறுவனத்தின் அருமை பெருமைகளைச் சொல்லாமல் மேலே போவது நன்றி கெட்ட செயல்.

விண்மீன்களுக்கு நடுவே வாயுவும் தூசியும் திரண்ட மாபெரும் மேகங்கள் மிதக்கின்றன. அவற்றின் வயிற்றுக்குள்தான் நட்சத்திரங்கள் பிறக்கின்றன. ஆனால் தூசி ஒளியை மறைத்துவிடும். சாதாரணக் கண்ணுக்கு அங்கே ஒரு கறுப்புத் திட்டுதான் தெரியும். வெப்பத்தின் கதிரான அகச்சிவப்புக் கதிர் மட்டும் தூசியை ஊடுருவி வெளியே வந்துவிடும். எனவே வெப்பத்தைப் பார்க்கும் ஒரு கேமராவை, பனிக்கட்டியே நடுங்கும் அளவுக்குக் குளிரவைத்து, எங்கோ ஒரு வறண்ட மலையுச்சியில் தொலைநோக்கியோடு பொருத்தியிருந்தார்கள். இரவெல்லாம் அது எடுக்கும் படங்கள் காலையில் நிறுவனத்துக்கு வந்து சேரும். விண்வெளியைப் பத்து மணிக்கு வந்து ஐந்து மணிக்குள் ஆராய்ந்துவிட்டுக் கிளம்பலாம். அறிவியலுக்கு இயக்குநர் செய்த முதல் தொண்டு இது.

இதில் ஒரு சிக்கல். வெப்பக் கேமராவுக்கு எல்லாமே மின்னும். காற்று மின்னும், தொலைநோக்கி மின்னும், வானமே மின்னும். அந்தப் பொது மினுமினுப்பை நீக்கினால்தான் மேகம் தெரியும். அதனால் மேகத்தை ஒரு படம் எடுப்பார்கள். பிறகு தொலைநோக்கியைக் கொஞ்சம் நகர்த்தி, ஒன்றுமே இல்லாத பக்கத்து இடத்தை ஒரு படம் எடுப்பார்கள். அந்த இடத்துக்கு "வெற்று வானம்" என்று பெயர். முதல் படத்திலிருந்து இரண்டாவதைக் கழித்தால், மிச்சம் இருப்பது மேகம் மட்டும். ஒரு நாளைக்கு நானூறு படங்களை இப்படிக் கழிப்பது மைனஸின் வேலை.

வெற்று வானத்தைப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு இயக்குநரே நேரில் தேர்ந்தெடுத்தார். வரைபடத்தில் எங்கே ஒரு நட்சத்திரம்கூட இல்லையோ, அந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டார். அது வெற்றுதான் என்று சான்றிதழும் உண்டு. அந்த வானத்தைக் கழித்த முதல் நாளிலேயே வரலாறு நிகழ்ந்தது. மேகத்தின் நடுவே சற்றுக் கீழே, ஒரு கறுப்புப் புள்ளி!

சும்மா கறுப்பு இல்லை. அளந்து பார்த்தபோது அதன் வெளிச்சம் பூஜ்யத்துக்கும் கீழே இருந்தது. ஒளி இல்லாத இடத்தை உலகம் பார்த்திருக்கிறது. ஒளி இல்லாததைவிடக் குறைவாக ஒளி உள்ள இடத்தை நம் இயக்குநர்தான் முதலில் பார்த்தார். அதற்குப் "பெருங்குழி" என்று பெயரிட்டார். அண்டத்திலேயே மிகக் குளிர்ந்த, மிக இருண்ட கரு என்று நாற்பத்தொரு கட்டுரைகள் வெளிவந்தன. வேறு சில நிறுவனங்கள் தங்கள் தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு அப்படி எதுவும் தெரியவில்லையே" என்று எழுதின. "உங்களால் பார்க்க முடியாத அளவுக்கு அது இருட்டாக இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?" என்று இயக்குநர் பதில் எழுதினார். எதிர்த் தரப்பு வாயடைத்துப் போனது.

பாடப் புத்தகத்தில் பெருங்குழி இடம்பெற்றது. நிறுவனத்தின் சின்னமே ஒரு கறுப்பு வட்டம்தான். கடிதங்களைப் பெறுகிறவர்கள் மை கொட்டிவிட்டது என்று நினைத்து ஒற்றுத்தாளால் ஒற்றிப் பார்ப்பதும் உண்டு. பெருங்குழிக்கென்று தனிக் கட்டடம் ஒன்றும் வரவிருந்தது. அஸ்திவாரம் தோண்டியதோடு வேலை நின்றுவிட்டாலும், பார்வையாளர்களை அழைத்துப் போய் அந்தப் பள்ளத்தைக் காட்டினால் விஷயம் பாதி புரிந்துவிடுகிறது.

இப்பேர்ப்பட்ட நிறுவனத்தில் மணி அடிக்கக் காரணமாக இருந்தது ஒரு காய்கறிக் கடைத் தராசு என்பதுதான் வேதனை.

மைனஸ் தன் அக்காவோடு வசித்தாள். வீட்டின் முன்னறையே அக்காவின் காய்கறிக் கடை. விடியற்காலையிலிருந்து நின்றபடியே வியாபாரம். இரண்டு முட்டிகளும் தேய்ந்து, உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது என்ற நிலை. அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்று மருத்துவர் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. நிறுவனத்தின் நிரந்தர ஊழியர்களுடைய குடும்பத்துக்குத்தான் இலவச மருத்துவம். தற்காலிக ஊழியர்களின் குடும்பத்துக்கு முட்டி வலிக்காது என்பது விதி.

ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம். அக்கா தராசோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கழுதைக்கு என்ன கேடு வந்துச்சுன்னு தெரியலடி. தட்டுல ஒண்ணுமே இல்ல. மைனஸ் அறுநூத்தி நாப்பதுன்னு காட்டுது."

"உங்க தங்கச்சி பேரைச் சொல்லுது" என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

"இருங்க சார், நீங்க வேற." அக்கா தராசின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அட! உருளைக்கிழங்கைத் தட்டுல வச்சுக்கிட்டே பூஜ்யத்தை அழுத்திட்டேன். இப்ப எடுத்துட்டேனா, உருளைக்கிழங்கு இல்லாததை நிறுத்துக் காட்டுது."

பையைப் பிடித்துக்கொண்டிருந்த மைனஸ் அப்படியே நின்றாள்.

"அக்கா, இன்னொரு தடவை சொல்லு."

"என்னத்தைச் சொல்ல? தட்டுல இருக்கிறதைக் காலின்னு மெஷினுக்குச் சொல்லிட்டா, நெஜமா காலியா இருக்கிறப்ப அது பள்ளமாத்தானே காட்டும்? இது தெரிய நாலு வருஷம் காலேஜுக்குப் போகணுமா? பையை விரிச்சுப் பிடி."

மைனஸ் அன்று பையைச் சரியாக விரித்துப் பிடிக்கவில்லை. தக்காளி கீழே உருண்டது.

திங்கள் முழுவதும் அவள் தன்னோடு வாதாடினாள். செவ்வாய்க்கிழமை காலை அதைச் செய்தே விட்டாள். வேறொரு மூலையிலிருந்து ஒரு துண்டு வானத்தை எடுத்து, சான்றிதழ் பெற்ற வெற்று வானத்திலிருந்து கழித்தாள். பத்தொன்பது ஆண்டுகளாக யாரும் தராசில் வைக்காததைத் தராசில் வைத்தாள்.

பிரகாசமாக ஒன்று. அதைச் சுற்றிச் சின்னச் சின்னதாக நான்கு. இன்னும் தூசிப் போர்வையைக்கூட உதறாத, பச்சைக் குழந்தைகளான ஐந்து நட்சத்திரங்கள்.

எப்படி என்று யோசிக்க அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இயக்குநர் வரைபடத்தில் நட்சத்திரமே இல்லாத இடமாகப் பார்த்து வட்டம் போட்டார். அங்கே ஏன் நட்சத்திரம் தெரியவில்லை? அவ்வளவு அடர்த்தியான இருண்ட மேகம் அங்கே மறைத்துக்கொண்டிருந்தது. இருண்ட மேகங்களை ஆராய்வதற்கென்றே தொடங்கிய நிறுவனம், இருப்பதிலேயே இருண்ட மேகத்தை "ஒன்றுமில்லை" என்று ஒதுக்கிவிட்டு, பக்கத்து மேகத்தில் அதன் பள்ளத்தை ஆராய்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு துல்லியமாகத் தவறு செய்ய நிபுணர்களால் மட்டுமே முடியும்.

வெளியே மணி அடித்துக்கொண்டிருந்தது. மைனஸ் அந்த ஐந்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு வருடங்களாக, தினமும், நானூறு தடவை, இவற்றைத் தன் கையாலேயே கழித்துத் தள்ளியிருக்கிறோம் என்ற நினைப்புதான் முதலில் வந்தது. அப்போதுதான் காவலாளி வந்து தீ எங்கே என்று கேட்டார்.

மதியத்துக்குள் அவள் மேஜைக்கு ஒரு கடிதம் வந்தது. பொருள்: முன் அனுமதியின்றி மணி அடித்தமை குறித்து விளக்கம் கோருதல்.

நிர்வாக அதிகாரி மெல்லிய குரலில் பேசுபவர். கோப்புகள் விழித்துக்கொண்டுவிடும் என்பது போலப் பேசுவார்.

"மணி அடிச்சது நீங்களா?"

"நட்சத்திரம் அடிச்சுது சார்."

"நட்சத்திரத்துக்கு நம்ம ஆபீஸ்ல பணியாளர் எண் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப நீங்கதான்" என்று எழுதிக்கொண்டார். "அந்த நட்சத்திரம் மேகத்துல எந்தப் பக்கம்?"

"மேகத்துல இல்ல சார். வெற்று வானத்துல."

அதிகாரியின் பேனா நின்றது. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஆச்சரியம் என்று துளியும் இல்லை. பெரிய நிர்வாகிகளுக்கே வாய்க்கும் நிதானம் அது.

"உங்க ஒப்பந்தம் வெள்ளிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்கு முடியுது" என்றார். "உயர்மட்டக் குழு அன்னிக்கு மூணு மணிக்குக் கூடுது. நடுவுல ரெண்டு மணி நேரம் இருக்கு. நிறைய நேரம்தான். நிதானமா யோசிங்க."

"எதை யோசிக்கணும் சார்?"

"அதையும் யோசிங்க."

வராந்தாவில் துணை இயக்குநர் வழிமறித்தார். தோளில் கை போடாத குறையாகப் பேசினார்.

"கேள்விப்பட்டேன். நல்ல உழைப்பு. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோங்க. இல்லாததைக் கண்டுபிடிக்கிறதுக்குப் பேருதான் கண்டுபிடிப்பு. இருக்கிறதைப் பார்க்கிறதுக்குப் பேரு வெறும் கண்ணு."

"சார், பக்கத்து மலையில நம்மளோடதைவிடப் பெரிய தொலைநோக்கி வருது. மழைக்காலம் முடிஞ்சதும் அவங்க வானம் முழுக்கப் படம் எடுக்கப் போறாங்க. முதல் வாரத்துலயே இது அவங்க கண்ணுல பட்டுடும். அவங்க பேரு போட்டுக்குவாங்க."

"போட்டுக்கட்டுமே! நாம மறுப்புத் தெரிவிப்போம். மறுக்கறதுக்கு நம்மகிட்ட நாப்பத்தொரு கட்டுரை இருக்கு. அவங்ககிட்ட என்ன இருக்கு? நட்சத்திரம் மட்டும்தானே?"

அன்று மாலை அக்கா கால்களை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இப்ப என்னதான்டி உன் பிரச்சினை? ஒரு வார்த்தையில சொல்லு."

"உள்ளதைச் சொன்னா வேலை போயிடும். சொல்லலைன்னா நட்சத்திரம் போயிடும்."

"நட்சத்திரம் எங்கடி போகும்? அது பாட்டுக்கு அங்கதானே இருக்கும்?"

"என்னை விட்டுப் போயிடும்க்கா."

அக்கா வெந்நீரை அள்ளி முட்டியில் ஊற்றிக்கொண்டாள்.

"அழகா இருந்துச்சா?"

"கூடைக்குள்ள அஞ்சு குட்டிங்க கண்ணு திறக்காம படுத்திருக்குமே, அப்படி."

"அப்ப சொல்லிடு. என் முட்டியைக் கணக்குல சேர்க்காதே. அது உன் நட்சத்திரத்துக்கு முன்னாடியே போயாச்சு." சொல்லிவிட்டு எழ முயன்றாள். முடியவில்லை. மைனஸ் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கிவிட்டாள். எழுந்து நின்ற பிறகும் அக்கா அவள் கையை உடனே விடவில்லை. விட்டால் விழுந்துவிடுவாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு உயர்மட்டக் குழு கூடியது. நீள்வட்ட மேஜை. இயக்குநர், துணை இயக்குநர், நிர்வாக அதிகாரி, வெளியீட்டுப் பிரிவின் தலைவர், கேமராவைக் கவனித்துக்கொள்ளும் கருவிப் பொறியாளர். ஆறாவது நாற்காலியில் கேண்டீன் மேலாளர். அறிவியலின் உச்ச சபையில் கேண்டீனுக்கும் ஓர் இடம் கொடுத்த ஜனநாயகத்தை வேறெங்கே பார்க்க முடியும்? அவரும் லேசுப்பட்டவர் அல்ல. அகச்சிவப்பு அளவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். டீயின் சூட்டைக் கோப்பையைத் தொடாமலே சொல்லிவிடுவார்.

முதல் பொருள், மணி. அதைக் கழற்றிவிடுவதா, நாக்கை மட்டும் கழற்றுவதா என்று நாற்பது நிமிடம் விவாதம் நடந்தது. நாக்கை மட்டும் கழற்றுவது, விளக்கு எரிவதை அனுமதிப்பது, விளக்கு எரிந்தால் யாரும் பார்க்காமல் இருப்பது என்று ஒருமனதாக முடிவாயிற்று.

இரண்டாவது பொருளுக்கு மைனஸ் அழைக்கப்பட்டாள். மேஜையின் ஓரத்தில் நின்றபடி, படத்தை நடுவில் வைத்தாள். மூன்று நாளாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்ததால் வார்த்தை நடுங்கவில்லை.

"சார், பெருங்குழின்னு ஒண்ணு கிடையாது. வெற்று வானம் வெற்று இல்ல. அதுல அஞ்சு நட்சத்திரம் இருக்கு. அதைக் கழிக்கிறதாலதான் மேகத்துல பள்ளம் விழுது."

இடி விழும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் விழவில்லை. ஆறு பேரும் படத்தைப் பார்த்தார்கள். யாரும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்க்கவில்லை. பழகிய தெருவை ஜன்னல் வழியே பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"நல்லா வந்திருக்கும்மா" என்றார் இயக்குநர் கனிவாக. "இது பிறந்து எவ்வளவு காலம் ஆகியிருக்கும்?"

"ஒரு லட்சம் வருஷம் இருக்கும் சார். நட்சத்திரக் கணக்குல கைக்குழந்தை."

"நாம சான்றிதழ் கொடுத்தது பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி. அப்பவே இது அங்க இருந்திருக்கு."

"ஆமா சார்."

"இருந்தும் அது ஆட்சேபணை எதுவும் தெரிவிக்கலையே?"

நிர்வாக அதிகாரி இதைக் குறித்துக்கொண்டார்.

மைனஸ் விடவில்லை. "சார், குழியை விட்டுட்டு இதை நாமே அறிவிச்சா என்ன? உங்க பேர்லயே அறிவியுங்க. எனக்குப் பேரு வேண்டாம். இது இருக்குன்னு யாராவது சொன்னா போதும்."

வெளியீட்டுப் பிரிவின் தலைவர், குழந்தைக்கு விளக்குவது போல விளக்கினார். "நட்சத்திரம் எல்லார்கிட்டயும் இருக்கும்மா. உலகத்துல இருக்கிற ஒவ்வொரு ஆராய்ச்சி நிலையத்துலயும் பத்துப் பதினைஞ்சு வச்சிருப்பாங்க. குழி நம்மகிட்ட மட்டும்தான்."

"ஆனா குழி இல்லையே சார்!"

"அதனாலதான் வேற யார்கிட்டயும் இல்லை."

கருவிப் பொறியாளர் முதன்முறையாக வாயைத் திறந்தார். "அப்புறம் அந்தக் கட்டடம்? அதுக்குப் பள்ளம் தோண்டியாச்சு. நட்சத்திரத்துக்குன்னு சொன்னா அதை எப்படி மேடாக்கறது?"

கேண்டீன் மேலாளர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

பிறகு நிர்வாக அதிகாரி தீர்மானத்தை அந்த மெல்லிய குரலில் வாசித்தார். வெற்று வானத்தின்பால் மைனஸ் காட்டிய அக்கறையை இக்குழு மனமாரப் பாராட்டுகிறது. அவ்வானத்தின் வெறுமையைப் பேணிக் காக்க "வெற்று வானப் பராமரிப்பு அலுவலர்" என்ற புதிய பதவி உருவாக்கப்படுகிறது. பதவி நிரந்தரமானது. அலுவலரின் குடும்பத்துக்கு, உடன் வசிக்கும் சகோதரி உட்பட, முழு மருத்துவ வசதி உண்டு. பதவியேற்கும் முன் அலுவலர், மேற்படி வானத்தைத் தம் கண்ணால் பரிசோதித்ததாகவும் அது வெறுமையாகவே இருப்பதாகவும் ஒரு சான்றிதழில் கையொப்பமிட வேண்டும்.

"சகோதரி உட்பட" என்ற இடத்தில் அவர் ஒரு மூச்சு நிறுத்தி வாசித்தார். இவ்வளவு பெரிய நிறுவனம், ஒரு காய்கறிக்காரியின் முட்டி வரைக்கும் விசாரித்து வைத்திருந்தது! ஊழியர் நலனில் இத்தகைய அக்கறை காண்பதற்கரியது.

மேஜையின் மேல் புத்தம் புதிய தாள் ஒன்று வைக்கப்பட்டது. மேலே கறுப்பு வட்டம். கீழே கோடு.

மணி நாலு ஐம்பது.

மைனஸ் அந்த ஆறு முகங்களையும் பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்தாள், இரக்கம்தான் வந்தது. பாவம், பெரிய மனுஷர்கள். பத்தொன்பது வருஷமாகக் குழியைப் பார்த்துப் பார்த்து, வெளிச்சத்தைக் கண்முன்னால் கொண்டுவந்து வைத்தாலும் தெரியாத அளவுக்குக் கண் பழகிப் போயிற்று. இவர்கள் நம்புகிறார்கள். நம்புகிறவர்கள் கையெழுத்துப் போட்டால் அது தவறு, அவ்வளவுதான். தெரிந்தே போட்டால் அதற்குப் பேர் வேறு.

படத்தில் அந்த ஐந்தும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. அக்கா தன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. சொல்லிடு என்றுதான் அக்கா சொன்னாள். வாய் சொன்னது. முட்டி அப்படிச் சொல்லவில்லை.

அவள் பேனாவை எடுத்தாள். கோட்டின் மேல் தன் முழுப் பெயரை எழுதினாள். நான்கு வருடங்களில் அந்த அலுவலகத்தில் அவளுடைய சொந்தப் பெயர் தேவைப்பட்டது அன்றுதான்.

ஆறு பேரும் கை தட்டினார்கள். இயக்குநர் எழுந்து, மேஜையின் ஓரத்தில் காலியாக இருந்த ஏழாவது நாற்காலியைத் தன் கையாலேயே இழுத்துப் போட்டார். மைனஸ் உட்காரவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"என்னை மன்னிச்சிடுங்க சார்" என்றாள். "உங்களுக்கெல்லாம் அது வெறும் வானம்னு மனசார நம்பிக்கை. நீங்க பண்ணினது பாவமில்ல. அங்க அஞ்சு நட்சத்திரம் இருக்குன்னு நல்லாத் தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டவ இந்த ரூம்லயே நான் ஒருத்திதான்."

துணை இயக்குநர் தன் விரல்களைப் பார்த்தார். கருவிப் பொறியாளர் ஜன்னலைப் பார்த்தார். கேண்டீன் மேலாளர்தான் ஆற்றி வைத்திருந்த டீயை அவள் பக்கமாக மெதுவாக நகர்த்தினார்.

"இதுக்குப் போய் ஏம்மா அழறே? இங்க உட்கார்ந்திருக்கிற நாங்க ஒவ்வொருத்தருமே அந்த அஞ்சையும் கண்டுபிடிச்ச வாரத்துலதான் நிரந்தரமானோம்."